வாஃபிளுக்குக் கருப்பட்டி சாஸ்: அடுப்பை எப்ப அணைக்கிறது?

போன முழுப்பரீட்சை லீவுக்கு எங்க சின்னம்மா மக துபாய்ல இருந்து வரும்போது ஒரு வாஃபிள் மெஷினைத் தூக்கிட்டு வந்தா. நாங்க இருக்கிறது சாயல்குடிப் பக்கம், ஒரு பக்கம் கடலு, மறுபக்கம் பனங்காடு, காலைல இட்லி இல்லாட்டி பழைய சோறுங்கிற வீடு. மெஷினைத் திறந்து பார்த்துட்டு எங்க அப்பத்தா கேட்டுச்சு, "இது என்னடி, அச்சு முறுக்கை மேலயும் கீழயும் வச்சு அமுக்குறது மாதிரி இருக்கு?" கிட்டத்தட்ட அதேதான் அப்பத்தான்னு சொன்னோம். ரெண்டு சூடான தகட்டுக்கு நடுவுல மாவை ஊத்தி மூடுனா கட்டம் கட்டமா குழியோட வெந்து வரும், மேல மொறுமொறுன்னும் உள்ள மெத்துன்னும் இருக்கும், அந்தக் குழில இனிப்பா ஏதாவது ஊத்தித் திங்கணும். பான்கேக்னா அதே மாவு கொஞ்சம் மாறி தோசைக்கல்லுல, நம்ம கோதுமை இனிப்பு தோசைக்கு அண்ணன் மாதிரி தடியா வரும், அவ்வளவுதான்.

பிரச்சனை சாஸ்ல வந்துச்சு. அவ கொண்டு வந்த பாட்டில் மூணே நாள்ல காலி. வீட்டுல மொத்தம் ஏழு பிள்ளைங்க, ஒவ்வொண்ணும் குளிக்கிற மாதிரி ஊத்துச்சு. காலி பாட்டில்ல பொடி எழுத்துல என்ன போட்டுருக்குன்னு பார்த்தா கார்ன் சிரப், கலர், எசென்ஸ். மேப்பிள் மரப் படம் மட்டும் பெருசா இருக்கு. இதுக்கு எதுக்கு ராம்நாடு டவுன் வரைக்கும் பஸ் ஏறிப் போகணும், வீட்டுல ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கிடக்கே, நாமளே காய்ச்சிடுவோம்னு நான் இறங்குனேன். நாலு வட்டுக் கருப்பட்டி, ரெண்டு டம்ளர் தண்ணி, அரை மணி நேரம். சட்டில பார்க்கும்போது கடைல வாங்குன சாஸ் மாதிரியே கரண்டில இருந்து அழகா வழிஞ்சுச்சு, ஆஹான்னு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி மூடி வச்சேன்.

மறுநாள் காலைல சின்னம்மா பேரன் தட்டுல வாஃபிளை வச்சுக்கிட்டு பாட்டிலைத் தலைகீழாப் பிடிச்சு நிக்கிறான். ஒண்ணும் வரல. குலுக்குறான், அடில தட்டுறான், ஒரு கண்ணை மூடிக்கிட்டு உள்ள எட்டிப் பார்க்குறான். ஸ்பூனை விட்டுக் கிண்டுனா ஸ்பூன் உள்ள மாட்டிக்கிச்சு, அப்படியே தூக்குனா பாட்டிலும் சேந்து வருது. அப்பத்தா திண்ணைல உக்காந்து பார்த்துட்டு, "நீ சாஸா காய்ச்சுன? மிட்டாய்ல்ல காய்ச்சிருக்க"ன்னுச்சு.

கிண்டலுக்குத்தான் சொன்னுச்சு, ஆனா விசயம் மொத்தமும் அதுக்குள்ளயே இருக்கு. சாஸுங்கிறது பாதி வழில நிப்பாட்டுன மிட்டாய். அதே சட்டி, அதே கருப்பட்டி, அதே தண்ணி, எங்க நிப்பாட்டுறோம்ங்கிறதுதான் வித்தியாசம். நம்ம வீட்டுப் பெரியவங்க இதைத்தான் பதம் பதம்னு சொல்றாங்க. அவங்க கைக்கு அது தெரியும், நமக்கு என்ன நடக்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சா போதும், கை தன்னால பழகிடும். இதுவரைக்கும் அடுப்புப் பக்கமே போகாதவங்களுக்கும் புரியணும்னு கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

பாகுன்னா என்ன? தண்ணில கரைஞ்ச சீனி. சீனியோ வெல்லமோ கருப்பட்டியோ, பெரும்பாலும் உள்ள இருக்கிறது ஒரே சமாச்சாரம்தான், சுக்ரோஸ்னு பேரு. தண்ணி நிறைய இருந்தா பானகம் மாதிரி ஓடும், தண்ணி குறையக் குறைய வழுவழுன்னு ஆகும், அப்புறம் நூல் இழுக்கும், அப்புறம் உருண்டை பிடிக்கும், கடைசில கடலை மிட்டாய் மாதிரி டக்குனு உடையும். அடுப்பு செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணு, தண்ணிய ஆவியாக்கி வெளிய அனுப்புறது. அடுப்பு சாஸை கெட்டியாக்குதுன்னு நினைச்சாத்தான் தப்பு நடக்கும், ஏன்னா சூட்டுல எந்தப் பாகும் இளகித்தான் தெரியும், ஆறுனாத்தான் அதோட நிஜமான கெட்டி வெளிய வரும். நான் ஏமாந்தது இந்த இடத்துலதான். கொதிக்கிற சட்டில சாஸ் மாதிரி தெரிஞ்சா அது ஆறுனப்புறம் மிட்டாய், ஆறுனப்புறம் சாஸா இருக்கணும்னா சட்டில பார்க்கும்போது "என்ன இது தண்ணியா இருக்கே"ன்னு தோணணும். இந்த ஒரு வரிய மட்டும் பிடிச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

சரி, எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்கணும்? இதுக்கு நம்ம வாலிநோக்கம் உப்பளத்தை நினைச்சுக்கங்க. கடல் தண்ணில லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு இருக்கு, அதைப் பாத்தில கட்டி வெயில்ல விட்டா தண்ணி போகப் போக ஒரு கட்டத்துக்கு மேல அந்தத் தண்ணியால உப்பைத் தாங்க முடியாது, உப்பு தனியாப் பூக்க ஆரம்பிக்கும். சீனிக்கும் அப்படி ஒரு எல்லை உண்டு, ஆனா ரொம்பப் பெரிய எல்லை. நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற சாதாரண சூட்டுல 100 கிராம் தண்ணி கிட்டத்தட்ட 200 கிராம் சீனியத் தாங்கும், அதாவது மொத்தப் பாகுல மூணுல ரெண்டு பங்கு சீனி. கொதிக்கிற தண்ணியா இருந்தா அதே 100 கிராம் தண்ணி 480 கிராமுக்கும் மேல விழுங்கிடும். அதனாலதான் சூடா இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிற பாகு ஆறுன பிறகு கல்லுப் பூக்குது. சூட்டுல விழுங்குனதை ஆறுனப்புறம் வச்சுக்க முடியல.

இந்த மூணுல ரெண்டு பங்கு, அதாவது நூத்துக்கு 66, இதுதான் சாஸோட கணக்கு. இதுக்குக் கீழ இருந்தா தண்ணி ஜாஸ்தி, நம்ம ஊரு வேக்காட்டுல நாலாம் நாள் நுரை தள்ளி புளிச்சு வாடை அடிக்கும். இதுக்கு ரொம்ப மேல போனா ஸ்பூன் மாட்டிக்கும் இல்லாட்டி அடில மணல் மாதிரி படியும். நடுவுல நிக்கணும்.

மேப்பிள் சிரப்புக்காரங்களும் இதே நூத்துக்கு 66 பக்கம்தான் நிப்பாட்டுறாங்க. அது என்ன மேப்பிள்னு கேட்டா, கனடா, அமெரிக்கா பக்கம் குளிர் காலம் முடிஞ்சு ராத்திரி உறைபனியும் பகல்ல லேசான வெயிலுமா இருக்கிற சில வாரத்துல மேப்பிள் மரத்துல ஓட்டை போட்டு வடியுற நீரைப் பிடிச்சு காய்ச்சுறது. அந்த நீர்ல சீனி நூத்துக்கு ரெண்டு பங்குதான் இருக்கும், அதனால ஒரு லிட்டர் சிரப்புக்கு சுமாரா 40 லிட்டர் நீர் வேணும். நம்ம பதனிய எடுத்துக்கங்க, நூத்துக்குப் பத்து பன்னெண்டு பங்கு சீனி சாதாரணமா இருக்கும், கணக்குப் போட்டா ஏழெட்டு லிட்டர்லயே அதே கெட்டில ஒரு லிட்டர் பாகு வந்துடும். அவங்க பனியில பிடிக்கிறாங்க, நம்மாளு பங்குனி சித்திரை வெயில்ல பனை உச்சில ஏறி பாளை சீவி கலயத்தைக் கட்டுறாரு, மத்தபடி ரெண்டும் ஒரே தொழில்தான். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறாங்கல்ல, அது பதனி புளிச்சு கள்ளாயிடாம இருக்கத்தான். இவ்வளவு இருந்தும் மேப்பிள்னா பெருசு, கருப்பட்டின்னா சளிக்குக் காப்பி போடுறதுன்னு ஆயிப்போச்சு, எனக்கு இதுல கொஞ்சம் ஆதங்கம் உண்டு, விடுங்க.

இப்ப செய்முறை. கருப்பட்டி 250 கிராம், தண்ணி 150 மில்லி, எலுமிச்சம்பழச் சாறு அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வாசனைக்கு சுக்குப்பொடி ஒரு சிட்டிகை போடலாம், ஏலக்காய் போட்டா பாயாசம் ஞாபகம் வந்துடுது, அதனால நான் போடுறதில்ல. நெய் கடைசில ஒரு ஸ்பூன். அவ்வளவுதான் சாமான்.

தண்ணி விசயத்துல மட்டும் கவனமா இருங்க, நம்ம கடற்கரை ஊருல போர் தண்ணி பாதி இடத்துல சப்புன்னும் உப்புக்கரிச்சும் இருக்கும், தள்ளுவண்டில குடம் வச்சுத் தள்ளிட்டு வர்ற காவிரித் தண்ணிதான் குடிக்க. ஒரு தடவை சின்னம்மா மக தெரியாம குழாய்த் தண்ணில காய்ச்சிட்டா, தண்ணி போகப் போக உப்பு அங்கயே நின்னு கூடிக்கிட்டே போகும்ல, கடைசில கருவாட்டுக் குழம்புக்கு இனிப்புப் போட்ட மாதிரி ஒரு ருசி. குடிக்கிற தண்ணியவே ஊத்துங்க.

கருப்பட்டிய இடிச்சோ தட்டியோ தண்ணில போட்டு சிறு தீயில கரைய விடுங்க. இந்தக் கட்டத்துல கிண்டலாம், தப்பில்ல. முழுசாக் கரைஞ்சதும் அணைச்சுட்டு அஞ்சு நிமிசம் அப்படியே வைங்க, அப்புறம் வெள்ளைத் துணில வடிகட்டுங்க. டீ வடிகட்டி போதாது. நல்ல கருப்பட்டின்னா அடில மண்ணு, சுண்ணாம்புத் துகள், பனந்தும்பு ஏதாவது கட்டாயம் இருக்கும், சிரட்டைல ஊத்தி எடுக்கிறது இல்லையா. அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், வடிச்சா போச்சு. வடிகட்டாம வாஃபிள்ல ஊத்துனா மட்டும் முதல் கடிலயே பல்லுல நறநறங்கும்.

வடிச்சதை அடி கனமான, கொஞ்சம் உசரமான சட்டில ஊத்தி மறுபடி அடுப்புல வைங்க. உசரம் எதுக்குன்னா கருப்பட்டிப் பாகு சீனிப் பாகை விட நுரைச்சுப் பொங்கும், தட்டையான இருப்புச்சட்டில வச்சுட்டு போனை நோண்டுனா அடுப்பு பூரா ஒட்டிக்கும், அதைச் சுரண்டுன அனுபவமும் எனக்கு இருக்கு. எலுமிச்சைச் சாறை இப்ப விடுங்க. மிதமான தீ போதும், பெருந்தீயில வச்சா கருப்பட்டி சீனியை விட சீக்கிரம் அடிப்பிடிச்சு கசப்பேறிடும்.

இனிமே எவ்வளவு நேரம்? இங்கதான் எனக்கு வெக்கமாப் போச்சு. 250 கிராம் கருப்பட்டி, 150 தண்ணி, மொத்தம் 400 கிராம். கருப்பட்டிலயே கொஞ்சம் ஈரம் இருக்கும், அதையும் சேத்துப் பார்த்தா சாஸ் முடியும்போது உள்ள இருக்க வேண்டிய எடை சுமாரா 350 கிராம். அப்ப ஆவியாப் போக வேண்டிய தண்ணி எவ்வளவு? வெறும் 50 கிராம். ஒரு சின்ன காப்பி டம்ளர்ல பாதி கூட வராது! இதுக்கு ஆறேழு நிமிசம் போதும், நான் என்னமோ நெல்லு அவிக்கிற மாதிரி அரை மணி நேரம் வச்சு அடிச்சிருக்கேன். வீட்டுல எடை பார்க்கிற சின்ன மெஷின் இருந்தா முதல்ல காலிச் சட்டிய எடை போட்டு குறிச்சுக்கங்க, அப்பப்ப சட்டியோட தூக்கி வச்சுப் பாருங்க, சட்டி எடை போக 350 வந்துச்சா, அடுப்பை அணைச்சுருங்க. முதல் தடவை செய்யுறவங்களுக்கு இதை விட நம்பிக்கையான வழி எனக்குத் தெரியல. கைப்பதம், கண்பதம் எல்லாம் நாலு தடவை செஞ்சப்புறம் வந்துக்கும்.

தெர்மாமீட்டர் இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி. வெறும் தண்ணி 100 டிகிரில கொதிக்கும், அதுல சீனி கூடக் கூட கொதிக்கிற சூடும் ஏறும். நூத்துக்கு 66 வரும்போது சுமாரா 104 டிகிரி. இன்னும் போய் 110, 112 ஆனா ஒத்தக் கம்பிப் பதம் பக்கம் வந்துருச்சு, 115 சுத்தி மெத்துன்னு உருட்டுப் பதம், அதிரசத்துக்குப் பிடிக்கிறது, 150 பக்கம் போனா கடலை மிட்டாய் மாதிரி ஒடியும். 104ல இருந்து 112க்கு எட்டு டிகிரிதான் பாருங்க, ஆனா பாட்டில்ல ஒண்ணு ஓடுது, ஒண்ணு ஓடல. நாம கடல் மட்டத்துலயே இருக்கிறதால இந்த நம்பர் அப்படியே சரி வரும். கொடைக்கானல்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தா வேலைக்கு ஆகாது, அங்க உசரத்துனால தண்ணியே 93 டிகிரி பக்கம் கொதிச்சுடும், அவங்க அந்தக் கணக்குக்கு மேல நாலு டிகிரி பார்த்துக்கணும்.

ரெண்டும் இல்லைன்னா தட்டு. ஆரம்பிக்கும்போதே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை ஃப்ரீசர்ல வச்சுருங்க. பாகு கொதிச்சு நாலு நிமிசம் ஆனதும் ஒரு சொட்டை அந்தச் சில்லுனு இருக்கிற தட்டுல விட்டு, பத்து எண்ணிட்டு, விரலால நடுவுல ஒரு கோடு இழுங்க. உடனே மூடிக்கிட்டா இன்னும் தண்ணி இருக்கு. கோடு மெதுவா, யோசிச்சு யோசிச்சு மூடுனா அதுதான் சாஸ். மூடவே இல்லைன்னா தாண்டிட்டீங்க, பதறாதீங்க, ரெண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு ஒரு கொதி விட்டா திரும்பி வந்துடும். பாகுல இந்த ஒரு வசதி இருக்கு, கருகாத வரைக்கும் போன வழில திரும்பி வரலாம். பாட்டில்ல மாட்டிக்கிட்ட என்னோட மிட்டாயையும் வெந்நீர்ல பாட்டிலை நிக்க வச்சு இளக்கி இப்படித்தான் மீட்டேன். ஒரு எச்சரிக்கை, தட்டுல சொட்டு விடுற நேரம் அடுப்பைக் குறைச்சுருங்க, நாம இங்க கோடு போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அங்க அது பதம் தாண்டிப் போயிக்கிட்டு இருக்கும்.

எலுமிச்சை எதுக்குன்னு சொல்லவே இல்லையே. புளிப்பும் சூடும் சேந்தா சுக்ரோஸ்ல கொஞ்சம் உடைஞ்சு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டாப் பிரியும். சீனி கல்லாப் பூக்கணும்னா ஒரே மாதிரித் துகளுங்க வரிசையா ஒட்டி அடுக்கணும், நடுவுல இந்த உடைஞ்ச ஆளுங்க புகுந்துட்டா வரிசை கலைஞ்சு போகும், கல்லு பூக்காது. குலாப் ஜாமுன் ஜீராவுல ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழியுறது இதே காரணத்துக்குத்தான். வடிகட்டி ரெண்டாவது தடவை கொதிக்கும்போது கரண்டி போட்டுக் கிண்டிக்கிட்டே இருக்காதீங்கன்னு சொல்றதும் அதுக்குத்தான், சட்டி ஓரத்துல தெறிச்சு காஞ்சு ஒட்டியிருக்கிற பொடிக் கல்லு ஒண்ணு உள்ள விழுந்தா போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் வரிசை கட்டும். ஓரத்தை ஈரத்துணில துடைச்சு விடுங்க.

கல்லு பூக்கிறதே சிலருக்கு வேணுங்கிற காரியம்ங்கிறதையும் சொல்லணும். பனங்கற்கண்டு என்னன்னு நினைக்கிறீங்க? பதனிப் பாகைப் பதமா காய்ச்சி, நூலைத் தொங்க விட்டு, அசைக்காம ஒரு மாசத்துக்கும் மேல வச்சு, கல்லு பூக்க வச்சு எடுக்கிறது. அவங்க எதுக்குத் தவம் கிடக்காங்களோ அதைத்தான் நாம எலுமிச்சை போட்டுத் தடுக்குறோம்.

அடுத்தது எனக்குப் பிடிச்ச தேங்காப்பால் சாஸ். கீழக்கரைப் பக்கம் போனவங்க தொதல் சாப்பிட்டிருப்பீங்க, அரிசி மாவு, தேங்காப்பாலு, கருப்பட்டி இல்லாட்டி சீனி போட்டு, எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் மணிக்கணக்கா அகப்பைய நிப்பாட்டாம கிண்டி எடுக்கிற கருத்த அல்வா. இலங்கை, மலேசியா, இந்தோனேசியாவுல எல்லாம் இதே பண்டம் தொதோல், டோடோல்னு இருக்கு, கப்பல்ல போயி வந்த ஊருல ருசியும் போயி வந்திருக்கு. ஒரு நாள் தெரிஞ்ச மாமி வீட்டுல தொதல் கிண்டும்போது ஆரம்பத்துல அது இருந்த பதத்தைப் பார்த்தேன், கரண்டில பட்டு பட்டா வழியுது, அட இதை இங்கயே நிப்பாட்டுனா வாஃபிளுக்கு சாஸாச்சேன்னு தோணுச்சு. வாய் விட்டுச் சொன்னதுக்கு மாமி முறைச்ச முறைப்பு இருக்கே!

இந்தத் தேங்காப்பால் சாஸுக்கு, முன்னாடி சொன்ன கருப்பட்டிப் பாகுல எலுமிச்சை விடாம தனியா ஒரு டம்ளர் காய்ச்சிக்கங்க, புளிப்புப் பட்டா பால் திரிஞ்சுக்கும். ஒரு டீஸ்பூன் அரிசி மாவை அரை டம்ளர் ரெண்டாம் பால்ல கட்டி இல்லாம கரைச்சு பாகோட சேத்து, பச்சை வாடை போற வரைக்கும் ரெண்டு மூணு நிமிசம் கிண்டுங்க. இங்க கெட்டி ரெண்டு வழில வருது, ஒண்ணு தண்ணி குறைஞ்சு, இன்னொண்ணு அரிசி மாவுல இருக்கிற ஸ்டார்ச் சூட்டுல தண்ணியக் குடிச்சு ஊதி. ரெண்டும் சேந்து ஆறும்போது இன்னும் இறுகும், அதனால இதையும் தண்ணியா இருக்கும்போதே நிப்பாட்டணும். அடுப்பை அணைச்சு, கொதி அடங்குன பிறகுதான் அரை டம்ளர் முதல் பால். பாயாசத்துக்கு எப்படியோ அப்படியே. தேங்காப்பால்ங்கிறது தண்ணிக்குள்ள எண்ணெய்த் துளிங்க மிதக்குறது, அதைப் பிடிச்சு வச்சுருக்கிறது கொஞ்சூண்டு புரதம், தளதளன்னு கொதிக்க விட்டா அந்தப் புரதம் சுருண்டு எண்ணெய் தனியா ஓடிடும். தொதலுக்கு அந்த எண்ணெய் பிரியணும், நமக்குப் பிரியக் கூடாது. உப்பு ஒரு சிட்டிகை மறக்காதீங்க, உப்பு இல்லாத தேங்காப்பால் சாஸ் எனக்கு சோப்புத் தண்ணி மாதிரிதான் இருக்கும்.

எது எதுக்குன்னா, வாஃபிளுக்குப் பாகு கொஞ்சம் கெட்டியா வேணும், நான் 330 கிராம் வரைக்கும் இறக்குவேன். தண்ணியா இருந்தா குழில ஊத்துன ஒரு நிமிசத்துல உள்ள இறங்கி மொறுமொறுப்பெல்லாம் நமுத்துப் போகும், கெட்டியா இருந்தா குழில நிக்கும், கடிக்கும்போதுதான் உடையும். பான்கேக் அப்படி இல்ல, உள்ள பூராவும் ஓட்டை ஓட்டையா பஞ்சு மாதிரி இருக்கும், அதுக்கு இளகலான சாஸை சூடா ஊத்துனா உறிஞ்சி ஊறிக்கிட்டு நல்லா இருக்கும், தேங்காப்பால் சாஸ் அதுக்குத்தான் சரி. சுட்ட வாஃபிளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வைக்காதீங்க, அதோட ஆவிலயே அது நமுத்துடும், அப்புறம் சாஸைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல.

கேரமல் சாஸும் கேப்பீங்க. தண்ணி இல்லாம சீனிய மட்டும் உருக்கி, 170 டிகிரி பக்கம் தேன் நிறம் வரும்போது கிரீம் ஊத்துறது. நல்லாத்தான் இருக்கும், ஆனா கிரீம் பட்டதும் குபீர்னு பொங்கித் தெறிக்கும், கைல பட்டா ஒட்டிக்கிட்டு சுடும், வெந்நீர் மாதிரி வழிஞ்சு போகாது. அடுப்படில பிள்ளைங்க ஓடுற வீட்டுல முதல் சாஸா அதை எடுக்காதீங்க.

இன்னொண்ணு, கருப்பட்டிதானே, சுகர் இருக்கிறவங்க எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு எங்க வீட்டுலயே ஒரு நம்பிக்கை ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான்னு முன்னாடியே சொன்னேன்ல. ருசி வேற, மணம் வேற, கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும், ஆனா ரத்தத்துல ஏறுற விசயத்துல அது சீனியோட சொந்தக்காரன். அப்பத்தாவுக்கு ஒரு ஸ்பூனோட நிப்பாட்டிடுவோம், கோவிச்சுக்கும், பரவாயில்ல.

சாதா கருப்பட்டி சாஸை வெந்நீர்ல கழுவி நல்லாக் காய வச்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு வாரம் தாங்கும், எங்க வீட்டுல அது வரைக்கும் இருந்ததே இல்ல. வெளிய வச்சா நம்ம கடக்காத்து ஈரத்தை இழுத்து மேலாப்புல தண்ணி விட்டுக்கும், அந்த மேல் தண்ணிலதான் முதல்ல பூஞ்சை வரும். வட்டுக் கருப்பட்டியே மழைக்காலத்துல வேர்த்து ஒழுகும்ல, அதனாலதானே அந்தக் காலத்துல அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற இடத்துல வச்சாங்க. எச்சில் ஸ்பூன், ஈர ஸ்பூன் உள்ள போகக் கூடாது. தேங்காப்பால் சாஸ்னா ரெண்டு நாள், அதுவும் ஃப்ரிட்ஜ்ல, மூணாம் நாள் மோந்து பார்த்துட்டு யோசிக்கிற அளவுக்கு வச்சுக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் சாதா சாஸ் கெட்டியாத்தான் இருக்கும், அது பதம் தப்புனது இல்ல, குளிருக்கு அப்படித்தான். வாஃபிள் மெஷின் சூடாகுற நேரத்துக்கு பாட்டிலை ஒரு கிண்ணம் வெந்நீர்ல நிக்க வச்சுருங்க, மாவு வெந்து வர்றதுக்குள்ள அது ஓடுற பதத்துக்கு வந்துருக்கும்.